கருவாடு ஏறும், பொடி ஏறாது

ஜனவரி 20, திங்கள்

காலை: பொடி ஒரு டம்ளர், ஜவ்வரிசிக் கஞ்சி. மதியம்: அளந்த சோறு, பூசணிக்காய். ராத்திரி: பாக்கெட் மாவில் இரண்டு தோசை, பொடி ஒரு டம்ளர். வாந்தி இல்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லித் தருகிற மேடம் தினமும் எழுதி வரச் சொன்னது இவ்வளவுதான். நான் ஆறாவது வரை படித்தவள். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது. கீழே மிச்ச இடம் சும்மாதானே கிடக்கிறது, மற்றதையும் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் மேடம் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டாம்.

டிக்கெட் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை நானும் மிதுனாவும் சார்ஜா போகிறோம், ஒரு மாதத்துக்கு. மச்சான் அங்கே ஏசி மெக்கானிக். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர், என் சொந்த அத்தை மகன். கூட வேலை பார்க்கிறவர் குடும்பத்தோடு இரண்டு மாதம் ஊருக்கு வருவதால் அவர் வீட்டை நமக்கு விட்டிருக்கிறார். மிதுனாவுக்கு நாலு வயது. அப்பாவை அவள் போனுக்குள்தான் பார்த்திருக்கிறாள். “அப்பாவுக்குக் காலு இருக்காம்மா?” என்று இன்று கேட்டாள். கழுத்துக்குக் கீழே அவள் பார்த்ததே இல்லை.

என் கவலை பொடிதான். மிதுனாவின் வியாதிக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பேர். பால், முட்டை, பருப்பு, கறி, மீன், கடலை எதுவும் ஆகாது. சோறுகூட அளந்துதான். மீறினால் மூளைக்கு ஏறிவிடும். உடம்புக்கு வேண்டிய சத்தை அந்தப் பொடி ஒன்றுதான் கொடுக்கிறது. அது கடையில் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்து டப்பா டப்பாவாக வாங்க வேண்டும். சார்ஜாவில் யாரைக் கேட்பது?

இவளுக்கு இந்த வியாதி இருப்பதே விசாகன் போன பிறகுதான் தெரிந்தது. விசாகன் என் மகன்.

ஜனவரி 22, புதன்

அதே சாப்பாடு. பூசணிக்குப் பதில் சுரைக்காய்.

தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் பெட்டி அவருடையது இல்லை. அங்கே மகனோ தம்பியோ இருக்கிறவர்கள் எல்லோரும் பார்சல் கொண்டுவந்து வைப்பார்கள். முடியாது என்று சொல்லக்கூடாது. நம் வீட்டு ஆளுக்கும் நாளைக்கு யாராவது கொண்டுபோக வேண்டுமே. விடிந்ததிலிருந்து மாங்காய் ஊறுகாய், எள்ளுப்பொடி, கைலி, முறுக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது.

கடைசியாகப் பேச்சியக்கா வந்தார்.

“தவமணி, எம் மவனுக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடுடி. ஒரு கையளவுதான்.”

தூக்கிப் பார்த்தேன். பேச்சியக்காவின் கை இரண்டு கிலோ பிடிக்கும் போலிருக்கிறது.

“புள்ளைக்குச் சாமான் நெறைய இருக்குக்கா. பொடி, மாவுன்னு...”

“என்னமோ பெரிய பொடி. அங்க கெடைக்காத சாப்பாடா? கருவாடு வாயில வக்காம எம் மவன் எளைச்சுப் போயிட்டான்.”

போட்டோவில் பார்த்தேன். சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இருக்கிறான்.

ஜனவரி 24, வெள்ளி

அத்தை இன்று கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தையும் உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார். கோழிகளை விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 25, சனி

பெட்டி கட்ட அமானுல்லா அண்ணன் வந்தார். இருபது வருடம் சவுதியில் இருந்தவர். ஊரில் யார் வெளிநாடு போனாலும் அவர்தான் பெட்டி கட்டுவார். அவர் கட்டிய பெட்டி வழியில் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை.

தெருவின் பார்சலை எல்லாம் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். அது போக மிதுனாவின் மாவு பாக்கெட்டுகளுக்குத்தான் இடம் இருந்தது. பொடி டப்பாக்கள் வெளியே நின்றன.

“இது என்னம்மா, டப்பாவுல பாதி காத்தால்ல இருக்கு? காத்துக்கு எதுக்குக் கிலோ குடுக்கணும்? கவர்ல மாத்திருவோம்.”

“தொறந்தா ஒரு மாசம்தான்ணே தாங்கும்.”

“நீ போறதே ஒரு மாசத்துக்குத்தான? மெழுகுவத்தியில ஒட்டிர்றேன், எறும்பு மூச்சுகூட உள்ள போவாது. நா எத்தன பேருக்குச் சத்து மாவு இப்புடி கட்டி அனுப்பிருக்கேன்.”

அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நானே டப்பாக்களைக் கவருக்கு மாற்றினேன். அண்ணன் கவர் வாயை மடித்து, மெழுகுவத்தி ஜுவாலையில் காட்டி, ஹாக்ஸா பிளேடால் அழுத்தி ஒட்டினார். அவர் கட்டுகிற பெட்டி மாதிரியே அத்தனை நேர்த்தி. ஒரு டப்பாவை மட்டும் பிரிக்கவிடவில்லை. பொடியெல்லாம் கைப்பையில். என் கண் முன்னால் இருக்கட்டும் என்றேன்.

ஆஸ்பத்திரி ஃபைல் அட்டை கெட்டியாக இருக்கிறது என்று அதைக் கருவாட்டுக்கும் துணிக்கும் நடுவில் தடுப்பாகக் கொடுத்தார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

ஜனவரி 27, திங்கள்

நாங்கள் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பெரிய பெட்டியைக் கவுண்டரில் போட்டதும் பெல்ட்டில் உருண்டு உள்ளே போய்விட்டது. ஊறுகாய், எள்ளுப்பொடி, கருவாடு எதையும் ஒரு மனுஷர் என்ன என்று கேட்கவில்லை. அடுத்தது கைப்பையைச் சோதிக்கிற இடம். மிஷினுக்குள் போன பை வெளியே வரவே இல்லை. காக்கி உடுப்பு போட்ட ஓர் அம்மா அதைத் தனியாக இழுத்து வைத்துக்கொண்டு இந்தியில் ஏதோ கேட்டாள். எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. நான் பிறந்த ஜில்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏர்போர்ட்டில், என் பிள்ளை சாப்பாட்டைப் பற்றி, எனக்குப் புரியாத பாஷையில் என்னையே கேட்கிறார்கள். அவளுக்குக் கோபம் வேறு வருகிறது, எனக்குப் புரியவில்லை என்று.

விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். தமிழ்ப் பெண்தான். கழுத்தில் சின்னதாக ஒரு துணி முடிச்சு.

“இது என்ன பவுடர்க்கா?”

“சாப்பாடு.”

“யாருக்கு?”

“இந்தப் புள்ளைக்கு.”

“பேபி ஃபுட்னா கைக்குழந்தைக்குத்தான்க்கா. பாப்பா பெருசா இருக்காளே.”

“இவளுக்கு வியாதி இருக்கும்மா. இத விட்டா வேற சாப்பாடு கெடையாது.”

“டாக்டர் லெட்டர் இருக்கா?”

“பெட்டிக்குள்ள இருக்கு.”

“பெட்டி எங்க?”

“பிளைட்டுல ஏறிருச்சு.”

அவள் காக்கி அம்மாவிடம் சொன்னாள். காக்கி அம்மா கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைப் பொடி, மேலே ஒரு எழுத்துக் கிடையாது, வாய் தீயில் ஒட்டியிருக்கிறது. ஒட்டின இடத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். அந்தப் பொடி பழைய வைட்டமின் மாத்திரையை ஊறப்போட்ட மாதிரி நாறும். முகத்தைச் சுளித்தாள். என் பிள்ளை தினமும் குடிக்கிறதை மோந்ததற்கே அந்தச் சுளிப்பு.

பிரிக்காத டப்பாவை எடுத்துக் காட்டினேன். “இதுல இருக்கறதுதாம்மா அதுலயும். பேரு பாரு.”

“டப்பாவை விடலாமாம்க்கா. கவரையெல்லாம் விட முடியாதாம். ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் தின்னு காட்டுறேன். தெரிஞ்சுக்கட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கவரைக் கடித்துக் கிழித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். தொண்டையை அடைத்துக்கொண்டது. இருமினேன், மேஜையெல்லாம் வெள்ளை. இரண்டு காக்கிகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தர், “இதுக்குத்தான் லோக்கல் ஆளுங்களோட வரக்கூடாது” என்றார். அவர் லோக்கல் இல்லை, ஆகாயத்திலிருந்து குதித்தவர்.

மிதுனா பயந்து அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அது நடந்தது. காக்கி அம்மா தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பால் சாக்லேட்டை எடுத்துப் பிரித்து மிதுனா கையில் கொடுத்துவிட்டாள். பிள்ளை அதை வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான் ஓங்கித் தட்டிவிட்டேன். சாக்லேட் காக்கி அம்மா சட்டை மேல் விழுந்தது.

“என்னக்கா நீங்க! பாவம், புள்ள அழுவுதேன்னு குடுத்தாங்க. ஒரு வாய் சாக்லேட்ல என்ன ஆயிடப் போவுது?” என்றாள் கழுத்துத் துணிப் பெண்.

பொடியைச் சந்தேகப்பட்டார்கள், சரி. பேர் இல்லாத பொடியை யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என் பிள்ளைக்கு ஆகாததை என்னைக் கேட்காமல் கையில் கொடுக்கிறார்கள், அதற்கு மட்டும் ஒரு சோதனையும் கிடையாதா? அதை எந்த மிஷினுக்குள் விட்டுப் பார்த்தார்கள்?

பெரிய ஆபீசர் வந்து பேசினார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள். கவரைக் குப்பையில் போட்டுவிட்டு ஏறலாம். இல்லாவிட்டால் ஏற வேண்டாம்.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

“ஏறியாச்சா?”

“பொடிய விட மாட்டேங்குறாக மச்சான். ஒரு டப்பாதான் மிஞ்சும்.”

“சரி, போட்டுட்டு ஏறு. பிளைட்ட விட்றாத.”

“ஒரு டப்பா ஒரு வாரத்துக்குக் காணாதே. அப்பறம்?”

“அப்பறம் என்ன அப்பறம்? இங்க மத்த புள்ளைவ சோறு, பாலுன்னு தின்னுட்டு நல்லாத்தான் திரியுது. டாக்டரு ஆயிரம் சொல்லுவான். ஒரு மாசம் எங்கூட இருக்கட்டும், நா குடுத்துக் காட்டுறேன். அவளுக்கு ஒண்ணும் ஆவாது.”

“விசாகனுக்கு?”

“அவனுக்குக் காச்சலு.” போனை வைத்துவிட்டார்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மிதுனாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். “நாங்க ஏறல, எங்க பெட்டிய எறக்கிக் குடுங்க” என்றேன். கழுத்துத் துணிப் பெண் என்னையே பார்த்தாள். “ஹஸ்பெண்ட் என்னக்கா சொன்னாங்க?” என்று கேட்டாள். இவளுக்கு எதற்கு அது.

பெட்டியை இறக்க மத்தியானம் ஆகிவிட்டது. இறக்குகிற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊறுகாய் எண்ணெயும் கருவாடும் கலந்து ஆஸ்பத்திரி ஃபைலில் ஊறியிருந்தது.

மிதுனா: வழியில் பொடி ஒரு டம்ளர். வேறு ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சாப்பாடு வழக்கம்போல.

பார்சல்களைத் திருப்பிக் கொடுத்தேன். பேச்சியக்கா கருவாட்டை வாங்கிக்கொண்டு, “என்னதான் இருந்தாலும் கட்டுன புருசன் கூப்புட்டும் போவாம வந்துட்டியேடி” என்றார். அதற்குள் அப்படிக் கதை ஆகிவிட்டது. நான் புருஷன் வேண்டாம் என்று ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தவளாம்.

பிப்ரவரி 1, சனி

மச்சான் இன்று வரை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மிதுனா போனை எடுத்துக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, “அப்பா தூங்குறாரு” என்கிறாள்.

சாயங்காலம் அத்தைக்குத்தான் பேசினார். ஸ்பீக்கர் போடாமலே வெளியே கேட்டது, அவ்வளவு சத்தம். டிக்கெட்டை மாற்ற மேனேஜரிடம் கெஞ்சியிருக்கிறாராம். அடுத்த தடவையும் பொடி அது இது என்று நின்றால் பிள்ளையைப் பார்க்கும் ஆசையே தனக்கு வேண்டாமாம். அத்தை “உம்” மட்டும் கொட்டிக்கொண்டிருந்தார்.

வைத்த பிறகு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“போயிட்டு வா ஆத்தா.”

“எதுக்கு அத்தை? பாலும் முட்டையும் ஊட்டவா?”

“அவனுக்கு நேர்ல சொல்லணும். போன்ல சொன்னா வச்சுருவான். நேர்ல நின்னு சொன்னா எங்க வப்பான்?”

“நீங்க சொல்லலாம்ல? பெத்தவுக சொன்னாக் கேப்பாரு.”

“என்னால ஆவாதும்மா. அடிச்சுக் கலக்குன கை இது.”

உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நானும் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். அளவு சரியாக இருக்கிறது.

கருவாடு நாறுகிற ஃபைலைத் தொட முடியாமல் நர்ஸ் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டாள். மேடம் சிரித்துவிட்டு அப்புறம் திட்டினார்.

“டப்பாவப் பிரிச்சுக் கவர்ல ஒட்டுனா எந்த ஊர்ல விடுவாங்க தவமணி? நானே விட மாட்டேன்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்? வெளிநாடு போறேன்னு போன மாசமே சொன்னேன்ல?”

“சொல்லியிருக்கணும்” என்றார் மேடம்.

டாக்டர்கள், மேடம்கள், ஆபீசர்கள் எல்லோரும் கடைசியில் சொல்கிற வார்த்தைதான் இது. ஆனால் இவர் அதோடு விடவில்லை. கவரில் இருப்பதை வீட்டில் முடித்துவிடச் சொன்னார். புது டப்பாக்களுக்குச் சொல்லி வைத்தார். முத்திரை குத்தி இங்கிலீஷில் லெட்டர் கொடுத்தார். அந்த நர்ஸை விட்டு எனக்கு ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். “திஸ் இஸ் மெடிக்கல் ஃபுட் ஃபார் மை டாட்டர்.” பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மிதுனாவுக்கு என்னைவிட நன்றாக வருகிறது.

பிப்ரவரி 12, புதன்

புது டப்பாக்கள் வந்துவிட்டன. அமானுல்லா அண்ணன் மறுபடி வந்தார். மெழுகுவத்தியை எடுக்கவில்லை. டப்பா நசுங்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் துண்டில் சுருட்டினார்.

“சவுதிக்கு நா அனுப்புனது எதுவும் திரும்பி வந்ததில்லம்மா. மொத மொதல்ல ஒன்னோடதுதான்...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அதுக்கு நீங்க என்ன பண்ணுவீக. கட்டுங்கண்ணே.”

கைப்பையில் வைத்த டப்பாக்கள் போக, இந்தத் தடவை பெரிய பெட்டி முழுக்க மிதுனாவுடையது. யார் பார்சலும் கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். பேச்சியக்கா கேட்கவில்லை, கருவாட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

“அம்மாம்பெரிய பொட்டியில ஒரு பொட்டணத்துக்கு எடமில்லியா?”

“இல்லக்கா.”

“நாளக்கி உம் புருசனுக்கு ஒண்ணு குடுத்துவுடணும்னா இந்தத் தெருவுலதான்டி நிக்கணும்.”

“நிக்க மாட்டேன்.”

“அம்புட்டுத் திமுரா? ஒருத்தரும் பேச மாட்டாகடி ஓங்கிட்ட.”

“கருவாடு இல்லாட்டி உங்க மவன் செத்தா போயிருவான்?”

வாயிலிருந்து வந்துவிட்டது. பேச்சியக்காவின் முகம் மாறியது. அமானுல்லா அண்ணன் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டார். விசாகனைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தபோது என் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதே பேச்சியக்காதான். அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் பெட்டியில் இடம் இல்லை என்றால் இல்லைதான்.

கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

சார்ஜா வந்துவிட்டோம்.

நம் ஊர் ஏர்போர்ட்டில் கைப்பை மிஷினுக்குள் போனது, வெளியே வந்தது. அவ்வளவுதான். டப்பாக்களை ஒருத்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கேட்க நாதியில்லை. எத்தனை நாள் சொல்லிப் பழகியிருக்கிறேன்! விடுவேனா? நானே காக்கிக்காரர் முன்னால் போய் நின்று, “திஸ் இஸ் மெடிக்கல் ஃபுட் ஃபார் மை டாட்டர்” என்றேன். “ஓகே, ஓகே” என்று கையை வீசி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றைக்கு என்னைத் திருடி மாதிரி நிறுத்திவைத்த அதே இடம். இன்றைக்கு ஓகேயாம்.

இங்கே வெளியே வந்ததும் மச்சான் நின்றார். தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. மிதுனா முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள். பிறகு அவர் தோளில் ஏறிக்கொண்டு இறங்கவே இல்லை. அவர் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தார். என்னிடம், “வா” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்து பிள்ளைக்குக் காட்டினார். பால், தயிர், ஒரு அட்டை முட்டை, கோழி, பாதாம் போட்ட சாக்லேட்.

“எல்லாம் எந் தங்கத்துக்குத்தான். எது வேணும் சொல்லு.”

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஒண்ணொண்ணா வெளிய எடுங்க மச்சான்.”

“என்ன வெளயாடுறியா?”

“இந்தப் பையில என்ன?”

“பிஸ்கட்டு.”

“தொறந்து காட்டுங்க. அலமாரியில என்ன இருக்கு? அதையும் தொறங்க.”

“தவமணி, நா இந்தப் புள்ளையோட அப்பன்.”

“யாரா இருந்தாலும் தொறங்க. பாக்காம உள்ள விட மாட்டேன்.”

முதலில் கத்தினார். வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டேன் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். முட்டை அட்டையை மட்டும் நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்து பொடியைக் கலக்கினேன். டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். “இதையா குடிக்கிறா?” என்றார். மிதுனா அவர் கையிலிருந்து பிடுங்கி, மூச்சுவிடாமல் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“அப்பா, காலி.”

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை: பொடி, ஜவ்வரிசி. மதியம்: சோறு, கேரட். வாந்தி இல்லை.

மச்சான் வேலைக்குப் போகவில்லை. மேடத்தின் லெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் பத்தாவது. அர்த்தம் தெரியாத வார்த்தையைப் போனில் போட்டுப் பார்த்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

“தவமணி.”

“சொல்லுங்க.”

“புள்ளைக்குக் காச்சல் வந்தா இன்னும் மோசமாவும், அந்த நேரத்துல இதெல்லாம் குடுத்தா தாங்காதுன்னு போட்டுருக்கு.”

“ஆமா.”

“அப்ப அன்னிக்கு... சோறு எறங்கல, தெம்பே இல்லேன்னு நீ அழுத. பால்ல முட்டைய அடிச்சுக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன். ரெண்டு நாளும் போன் போட்டு, குடுத்தீகளா குடுத்தீகளான்னு கேட்டேன்.”

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஒன்றரை வருடமாக இருக்கிறது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், நேற்று ஆகாயத்தில், எல்லா இடத்திலும் அதை எடுத்துத் தீட்டி வைத்திருக்கிறேன். சொன்னால் மனுஷர் எழுந்திருக்க மாட்டார். வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மிதுனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு யாருக்கும் தெரியாது மச்சான்” என்றேன். “இன்னிக்குத் தெரியும்.”

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் ஓடியது. இந்த ஊரில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்று நேற்று அவரே சொன்னார். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

இங்கே வெள்ளிக்கிழமை லீவு. மச்சானோடு வேலை பார்க்கிற ஸ்டீபன் அண்ணன் மிதுனாவைப் பார்க்க வந்தார். நாகர்கோவில்காரர், நல்ல மனுஷர். ஒரு கேக் பெட்டி கொண்டுவந்திருந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் திடீரென்று மச்சானின் சத்தம்.

“வாயத் தொற! தொறடி! என்ன தின்ன?”

ஓடினேன். மிதுனா வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பிள்ளை வீறிட்டு அழுதாள். வாயில் ஒன்றும் இல்லை. கேக் துண்டு ஸ்டீபன் அண்ணன் கையில்தான் இருந்தது, இன்னும் கொடுக்கவே இல்லை.

“எதுக்கு மக்கா இப்பிடிக் கெடந்து சாடுக? ஒரு வாய் கேக்குதானே?”

“ஒரு வாய்தாண்ணே எம் மவனுக்கும் குடுத்தோம்!”

வீடே அதிர்ந்தது. விசாகன் போனபிறகு அவனைப் பற்றி மச்சான் அடுத்த ஆளிடம் பேசி நான் கேட்டதில்லை. கேக் பெட்டியை மூடி ஸ்டீபன் அண்ணன் கையில் திணித்து, இனிமேல் இந்த வீட்டு வாசலுக்குள் யாரும் எதையும் கொண்டுவரக் கூடாது என்று கதவைத் திறந்துவிட்டார். பாவம், அவர் டீகூடக் குடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளட்டும்.

மதியம்: சோறு, பீர்க்கங்காய், பொடி ஒரு டம்ளர். வாந்தி இல்லை. சோற்றை அளந்தது அவள் அப்பா.